குறத்தியா, குரத்தியா? ஐராவதம் மகாதேவன் புத்தகமும் சிதறால் மலையும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி இருபது பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சிதறால் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே இருக்கிற ஒரு கல்வெட்டுக்குத் தப்பான அர்த்தம் சொன்னேன். இந்தக் கட்டுரை ஐராவதம் மகாதேவனின் ‘எர்லி தமிழ் எபிகிராஃபி’ என்ற புத்தகத்தைப் பற்றியது. ஆனா அந்தப் புத்தகத்தை ஒழுங்காப் படிக்க வைத்தது அந்தத் தப்புதான். அதனால அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிதறால் தெரியாதவர்களுக்காக: மார்த்தாண்டத்திலிருந்து வடக்கே ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கல் பாவிய பாதையில் ஏறினால், உச்சியில் ஒரு பெரிய பாறை குடைபோலக் கவிந்து நிற்கும். அதன் முகப்பில் தீர்த்தங்கரர்களும், பாம்புக் குடையுடன் பார்சுவநாதரும், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகையும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். பின்னாளில் இது பகவதி கோவிலாக ஆகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு மலைக்கோவில். கல்வெட்டில் இதன் பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்பது சமண முனிவர்களில் ஒரு வகையினரைக் குறிக்கும் சொல். ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு இங்கே உண்டு. அரிட்டநேமி என்ற ஆசிரியரின் மாணவி, குணந்தாங்கி என்ற பெயருடையவர், இந்த மலையின் தெய்வத்துக்குப் பொன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

நான் வட்டெழுத்து படிக்க ஆரம்பித்த கதை ரொம்ப சாதாரணமானது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊரோடு வந்துவிட்டேன். நாற்பதைத் தாண்டின சாஃப்ட்வேர்காரனுக்கு வருஷம் ஒரு தடவை ஒரு பயம் வரும். நாம தெரிஞ்சு வைத்திருக்கிறது பழசாயிட்டுது, புதுசா எதையாவது கத்துக்கணும், இல்லாட்டி வெளியே அனுப்பிவிடுவான். அந்தப் பயத்தில் நாலு ஆன்லைன் கோர்ஸ் முடித்தேன். அஞ்சாவதுக்குப் பதிலா, யாரும் சான்றிதழ் தராத ஒண்ணைக் கத்துக்கலாம்னு தோணிச்சு. எழுத்து அட்டவணை ஒண்ணை வைத்துக்கொண்டு தினமும் இருபது நிமிஷம் எழுதிப் பார்த்தேன். ஆறு மாசத்தில் ஒரு தைரியம் வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தோடுதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். பாறையைக் காட்டி, ‘இதுல குணந்தாங்கி குறத்திகள்னு இருக்கு பாருங்க’ என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து மலைகளில் காணிக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை வைத்து, மலையில் வாழ்ந்த ஒரு குறத்தி தான் சேர்த்துவைத்த பொன்னைச் சமணக் கோவிலுக்குக் கொடுத்தாள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னே இங்கே எல்லா மக்களும் கல்வெட்டில் இடம்பெற்றார்கள் என்று ஒரு கதை கட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு சிறுமி அடுத்த வாரமே பாசிமணி போட்ட குறத்தி ஒருத்தி கையில் பொன்பூ ஏந்தி நிற்பதுபோல் படம் வரைந்து அனுப்பினாள்.

அந்தப் படத்தை எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். கல்வெட்டைப் போட்டோ எடுத்திருக்கியாடே என்று கேட்டார். போனைக் கொடுத்தேன். ரெண்டு விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மக்களே, இது குறத்தி இல்ல, குரத்தி. வல்லின ற இல்லடே, இடையின ர. குரவர்னா ஆசான் இல்லியா? அதுக்குப் பெண்பால். நீ டீச்சரைப் பிடிச்சுக் குறத்தி ஆக்கிட்டியே.”

வட்டெழுத்தில் ர வேறு, ற வேறு. ரெண்டையும் நூறு தடவையாவது எழுதிப் பழகியிருக்கிறேன். ஆனாலும் எனக்குத் தெரிந்த சொல் குறத்தி. மனசு முந்திக்கொண்டு வாசித்துவிட்டது, கண் அதுக்குத் தலையாட்டிவிட்டது. திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் கோபிநாத ராவ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே சிதறால் கல்வெட்டுகளைப் பதிப்பித்திருக்கிறார். அதைப் புரட்டிப் பார்க்காமலே மலை ஏறினவன் நான்.

அன்றைக்கு ஆசிரியரிடம், ‘போட்டோ தெளிவா இல்ல சார்’ என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நாலு மாசம் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளிடம் போய்த் திருத்தவும் இல்லை. அந்த நாலு மாசத்தில்தான் மகாதேவனின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன்.

இப்போ புத்தகத்துக்கு வருவோம். 2003இல் சென்னை க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டது. தொடக்கத்திலிருந்து கி.பி. 6ஆம் நூற்றாண்டு வரையிலான தமிழ்க் கல்வெட்டுகள், அதாவது தமிழ்-பிராமியும் தொடக்ககால வட்டெழுத்தும், இதில் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் இதைத் தமிழின் தொன்மைக்குச் சான்று தரும் நூலாகப் பார்க்கிறார்கள். என்னைப் போன்ற ஒரு என்ஜினியர் படித்தால் வேறொண்ணு தெரியும். தப்பாக வாசிக்கப்பட்ட எழுத்து எப்படிச் சரியாக வாசிக்கப்பட்டது என்பதன் வரலாறு இது.

மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் 1882இல் ராபர்ட் சீவெல் கண்ணில் பட்டவை. எழுத்து பிராமி என்று தெரியும். அசோகன் கல்வெட்டுகளை ஏற்கெனவே வாசித்தாகிவிட்டது, அதனால் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். இருந்தும் வாசித்தால் அர்த்தம் வரவில்லை. 1924இல்தான் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இதில் ழ, ள, ற, ன என்ற தமிழுக்கே உரிய எழுத்துகள் இருக்கின்றன, மொழி தமிழ்தான் என்று காட்டினார். 42 வருஷம்!

சிக்கல் எழுத்தில் இல்லை, விதியில் இருந்தது. வடக்கத்திப் பிராமியில் ‘க’ என்று வெறுமனே எழுதினால் அதற்குள் அகரம் இருக்கும். பக்கத்தில் ஒரு கோடு போட்டால் ‘கா’. தமிழ்-பிராமியின் பழைய முறையில் வெறும் எழுத்து என்றால் மெய், அதாவது ‘க்’. கோடு போட்டால் அது ‘க’வாகவும் இருக்கலாம், ‘கா’வாகவும் இருக்கலாம், இடம் பார்த்து வாசிக்க வேண்டும். இந்த முறையில் எழுதின ‘மகன்’ என்ற சொல்லை வடக்கத்தி விதியில் வாசித்தால் ‘மாகான’ என்று வரும். எழுத்து சரி, சொல் கோணல்.

என் வயசுக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2000ஆம் ஆண்டு வாக்கில் தமிழில் ஒரு மின்னஞ்சல் வந்தால், அது தமிழக அரசு 1999இல் அறிவித்த டாமா, டாபா, இல்லை இணையத் தன்னார்வலர்கள் உருவாக்கின டிஸ்கியா என்று தெரியாமல் திறப்போம். கொம்பும் மீசையும் வைத்த லத்தீன் எழுத்துகள் திரை முழுக்க வரும். கோப்பு பழுதில்லை, அதன் உள்ளே பைட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எந்தக் குறியேற்றம் என்று தெரியாததால் நமக்குத்தான் குப்பையாகத் தெரிகிறது. மாங்குளமும் 42 வருஷம் தப்பான குறியேற்றத்தில் திறந்த கோப்பாகவே கிடந்தது.

மகாதேவன் செய்த பெரிய காரியம், தமிழ்-பிராமியில் ஒரே விதி இல்லை, மூன்று முறைகள் உண்டு என்று பிரித்துக்காட்டியது. முதல் முறை மேலே சொன்னது. இரண்டாவதில் வெறும் எழுத்து ‘க்’காகவும் இருக்கலாம், ‘க’வாகவும் இருக்கலாம். மூன்றாவதில் புள்ளி வருகிறது, குழப்பம் தீர்கிறது. எந்தக் கல்வெட்டு எந்த முறை என்று முதலில் முடிவு செய், அப்புறம் வாசி என்பது அவர் வழி. சிதறால் கல்வெட்டு மாதிரியான வட்டெழுத்திலும் புள்ளியை வைக்காமலே எழுதியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு எழுத்திலும் மெய்யா உயிர்மெய்யா என்று வாசிக்கிறவன் முடிவெடுத்தாக வேண்டும். அப்படி முடிவெடுக்கிற இடத்தில்தான் நமக்குத் தெரிந்த சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி ரிஸ்க் விஷயம். மகாதேவனைப் பற்றிப் பேசும்போது, ‘ஐஏஎஸ் வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்’ என்று ஒரு வீரக்கதை சொல்வார்கள். நம்ம தொழிலில் ஊக்கமூட்டும் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். வேலையை விடு, மனசுக்குப் பிடிச்சதைச் செய், துணிஞ்சவனுக்குத்தான் உலகம். வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அவர் படித்தது வேதியியலும் சட்டமும். 1954இல் ஐஏஎஸ். 1960களில் பணியில் இருந்துகொண்டேதான் குகை குகையாக ஏறினார். கரூர்ப் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர அரசர்களின் பெயர்களை வாசித்தது அந்தக் காலத்தில். 1966இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் முதல் தொகுப்பைக் கருத்தரங்கில் வைக்கிறார். 1970இல் நேரு ஆய்வுநிதி கிடைக்கிறது. சிந்துவெளி எழுத்துத் தொகுப்பு 1977. விருப்ப ஓய்வு பெற்றது 1980இல்தான். பெரிய புத்தகம் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ஆக, வேலையை விட்டபின் கற்றுக்கொண்டவர் இல்லை. வேலையில் இருந்துகொண்டே இருபது வருஷம் கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு விட்டவர். இன்னொண்ணும் சொல்லவேண்டும். உயர் அதிகாரிக்கு இருந்த வசதிகள் சாதாரணச் சம்பளக்காரனுக்குக் கிடையாது. மூணு மாச நோட்டீஸில் வேலை போகக்கூடிய ஒருத்தனிடம் மகாதேவனைக் காட்டி ‘நீயும் துணி’ என்பது பொறுப்பில்லாத பேச்சு.

அப்படியானால் அவர் எடுத்த ரிஸ்க் என்ன? என் கணக்கில், தன் வாசிப்பு தப்பென்று பிறர் நிரூபிக்க வழி வைத்து எழுதியது. புத்தகத்தில் ஒவ்வொரு கல்வெட்டும் அடுக்கடுக்காக வருகிறது. கல்லில் இருக்கிற உருவம் தனி. அதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தது தனி. பொருளும் விளக்கமும் தனித்தனி. அவர் பொருளை ஏற்காதவர்கூட, அவர் பெயர்த்த எழுத்தை எடுத்துக்கொண்டு தனியாக வாசிக்கலாம். சாஃப்ட்வேர் மொழியில் சொன்னால், மூல நிரலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். 1966இல் தான் வாசித்தவற்றில் பலதை 2003இல் அவரே மாற்றினார். எண்பது வயதைத் தாண்டின பிறகும், தமிழ்-பிராமிப் பகுதியைத் திருத்தி விரித்த பதிப்பாக 2014இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் வழியே கொண்டுவந்தார்.

சிந்துவெளி வேலையும் இதே குணம் உள்ளது. 1977இல் தொல்லியல் துறை வெளியிட்ட அந்தத் தொகுப்பைக் கணினி உதவியோடு தயாரித்தார். நம்ம நாட்டில் பெரும்பாலானவர்கள் கணினியைக் கண்ணால் பார்த்திராத காலம். 417 குறிகள், அவை எங்கெங்கே, எதற்குப் பக்கத்தில், எத்தனை முறை வருகின்றன என்ற அட்டவணைகள். ‘இதுதான் அர்த்தம்’ என்று அதில் சொல்லவில்லை. அர்த்தம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் சிந்துவெளிக் குறிகளின் வரிசை ஒழுங்கைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வந்தபோது, 32 வருஷம் பழைய அந்த அட்டவணைதான் அடிப்படைத் தரவு.

இதை இன்றைய கருவிகளோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் சிதறால் கல்வெட்டுப் போட்டோவை ஒரு ஏஐ செயலியில் போட்டுப் பார்த்தேன். நாலு வினாடியில் பதில். ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டாம், விளக்கெரிக்க ஆடு கொடுத்ததைச் சொல்கிறதாம். அழகான தமிழ், ஒரு பிழை இல்லை. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி நிறைய வரும் என்பதால், அதுக்குத் தெரிந்ததை அது வாசித்துவிட்டது. சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. நானும் பாறை முன்னாடி அதைத்தானே செய்தேன்? ‘குறத்தி’ என்று சொன்னபோது என் குரலிலும் ஒரு தயக்கம்கூட இல்லை.

கல்வெட்டுப் பதிப்புகளில் சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அழிந்துபோன இடத்தில் புள்ளி வைப்பார்கள். எந்த எழுத்து உறுதி, எது ஊகம் என்று வாசகனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நூறு வருஷமாக இருக்கிற வழக்கம் இது. புதுத் திறன் கற்கிறவனுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரவேண்டியது இந்த அடைப்புக்குறி என்று இப்போது நினைக்கிறேன். நான் அட்டவணையை மனப்பாடம் செய்தேன், அடைப்புக்குறியைக் கற்கவில்லை.

புத்தகத்தின் மேல் எனக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, தமிழின் முதல் எழுத்துகளைப் பற்றிய நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்னைத் திருத்தின ஆசிரியர் போன்றவர்களுக்குத்தான் இது முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, 6ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுவதால் சிதறால், கழுகுமலை மாதிரி முதிர்ந்த வட்டெழுத்து இதில் இல்லை. வட்டெழுத்துக்கு இந்தத் தரத்தில் ஒரு கையேடு இருந்தால் என் போன்ற அரைகுறைகள் குறையும்.

மூன்றாவதுதான் முக்கியம். எழுத்துகளுக்கு அடைப்புக்குறி போட்ட மகாதேவன், காலத்துக்கு அவ்வளவு தாராளமாகப் போடவில்லை. அசோகர் காலப் பிராமியிலிருந்து தமிழ்-பிராமி வந்தது, குகைக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்குகின்றன என்பது அவர் அமைத்த சட்டகம். புத்தகம் முழுக்க அது ஒரு சுவர்போல நிற்கிறது. அதற்குப் பிறகு பொருந்தலிலும் கொடுமணலிலும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளோடு தொடர்புடைய மண்ணடுக்குகளுக்கு கி.மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலக்கணிப்புகள் வந்தன. 2019இல் தமிழகத் தொல்லியல் துறையின் கீழடி அறிக்கை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போனது. இவற்றை ஏற்பவரும் உண்டு, ஒரு கரித்துண்டையோ நெல்மணியையோ வைத்து எழுத்தின் காலத்தைச் சொல்லமுடியாது என்பவரும் உண்டு. நான் இதில் தீர்ப்பு சொல்லவரவில்லை. ஆனா சட்டகமும் ஒரு வாசிப்புதான், அதையும் ஊகம் என்று குறித்திருக்கலாம் என்றே படுகிறது. இந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் கருவியையும் அந்தப் புத்தகமே நமக்குத் தந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

சரி, பிள்ளைகள் கதையை முடிக்கிறேன். நாலு மாசம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் இருபது நிமிஷம் கேட்டு வாங்கினேன். ஆன்லைன் கோர்ஸ் பரீட்சைக்குக் கூட எனக்கு இப்படி வயிறு கலங்கினதில்லை. கரும்பலகையில் குறத்தி, குரத்தி ரெண்டையும் எழுதி, நான் எதை எதுவாக வாசித்தேன் என்று சொன்னேன். படம் வரைந்த சிறுமி எழுந்து, “அப்போ அந்தக் குறத்தி கதை பொய்யா சார்?” என்றாள். ஆமா, அது நான் உண்டாக்கினது என்றேன். அவள் முகம் வாடினது உண்மை.

அப்போது பின் வரிசையில் ஒரு பையன் கேட்டான். “சார், அவங்க சாமியாரம்மா டீச்சர்னா, பொன்னு எங்கேருந்து வந்துச்சு?”

துறவிக்குப் பொன் ஏது? வரலாற்று ஆய்வாளர்கள் கேட்கிற அதே கேள்வி. கழுகுமலையில் குரத்திகளே தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆகவே இந்தப் பெண் ஆசான்களின் கைக்குக் கொடைப்பொருள் வந்து சேர்ந்திருக்க வேண்டும், அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். எதற்கு என்ற முடிவு அவர்களுடையது என்ற பகுதியை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லிப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். குறத்தி கதையிலேயே நான் நின்றிருந்தால் இந்தக் கேள்வி அந்த வகுப்பில் வந்திருக்காது. கதை அவ்வளவு அழகாக முடிந்துபோயிருந்தது.

அந்தச் சிறுமி புதுப் படம் இன்னும் வரையவில்லை. அடுத்த தடவை மலை ஏறும்போது கல்வெட்டைத் தானே பார்த்து வரைகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். முட்டு வலி, மெதுவா ஏறணும் மக்களே என்றிருக்கிறார்.